கடலில் உயிர் காக்கும் உபகரணங்கள்



கரையோரக் கிராமமொன்றில் இப்பாடத்தை நடத்திக் கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், எங்கட அப்பாவுக்கு நல்லா நீந்தத் தெரியும். அவருக்கு ஏன் அங்கி?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இப்பாடத்தின் முடிவில் அதற்கான விடையை நீங்களே எழுதக்கூடியவர்களாக இருப்பீர்கள்.

1. பாகுபாடு

கடலில் ஆபத்துக்குள்ளான ஒருவருக்கு மூன்று தேவைகள் உள்ளன. உபகரணங்களையும் அவற்றின்படியே வகைப்படுத்தி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

(அ) மிதந்திருத்தல் – உயிர்காப்பு அங்கி, உயிர்காப்பு வளையம்
(ஆ) தாக்குப்பிடித்தல் – உயிர்காப்பு மிதவை, குடிநீர், உணவு, முதலுதவிப் பெட்டி
(இ) தகவல் கொடுத்தல் – விசில், ரோச் லைற், கண்ணாடி, தீச்சுடர், புகைச் சமிக்ஞை, வானொலி

2. மிதப்பின் தத்துவம்

ஆக்கிமிடிசின் தத்துவப்படி, பாய்மமொன்றில் அமிழ்ந்துள்ள பொருளின் மீது தாக்கும் மேலுதைப்பு, அப்பொருளால் இடம்பெயர்க்கப்பட்ட பாய்மத்தின் நிறைக்குச் சமனாகும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1025 kg/m³ ஆகும்.

இங்கு பலருக்கும் ஒரு சந்தேகம் எழும். 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரை, 10 கிலோகிராம் நிறையை மட்டும் தாங்கக்கூடிய அங்கி எவ்வாறு மிதக்க வைக்கிறது? கணித்துப் பார்ப்போம். (g = 10 m/s²)

ஆளின் நிறை = 600 N
உடலின் கனவளவு = 0.060 m³ எனக் கொள்வோம்.
முற்றாக அமிழ்ந்துள்ளபோது மேலுதைப்பு = 0.060 × 1025 × 10 = 615 N

அதாவது உடல் தானாகவே மட்டுமட்டாக மிதக்கும். ஆனால் அமிழ்ந்த நிலையில் மூச்சுவிட முடியாது. தலையும் கழுத்தும் (ஏறத்தாழ 0.005 m³) நீருக்கு வெளியே வரவேண்டும்.

அப்போது மேலுதைப்பு = 0.055 × 1025 × 10 = 563.75 N
குறைபாடு = 600 – 563.75 = 36.25 N

அவர் மூச்சை வெளிவிடும்போது நெஞ்சின் கனவளவு மேலும் 2 லீற்றர் குறைந்தால், குறைபாடு 56.75 N ஆக உயரும். இந்தக் குறைபாட்டை நீந்துபவர் தனது கை, கால்களின் உழைப்பால் ஈடுசெய்கிறார். அங்கி அணிந்தவருக்கு அங்கியே ஈடுசெய்கிறது. கை களைக்கும், அங்கி களைக்காது. இதுவே முக்கிய வேறுபாடு.

3. உயிர்காப்பு அங்கி

அங்கிகள் அவற்றின் மிதப்பு விசையின்படி தரப்படுத்தப்படுகின்றன.

50 N – உதவி அருகிலுள்ள இடத்தில், நீந்தத் தெரிந்தவருக்கு மட்டும்
100 N – களப்பு போன்ற ஒதுக்கான நீர்நிலைகளுக்கு
150 N – ஆழ்கடலுக்கு
275 N – பாரமான உடையும் கருவிகளும் அணிந்து ஆழ்கடலில் வேலை செய்வோருக்கு

வெற்றுக் கான்களைப் படகில் கட்டி வைத்தால் போதாதா என நீங்கள் கேட்கலாம். 20 லீற்றர் கொள்ளளவுள்ள, நன்றாக மூடிய வெற்றுக் கான் ஏறத்தாழ 195 N தேறிய விசையைத் தரும். இது 150 N அங்கியிலும் அதிகம். எதுவும் இல்லாத வேளையில் அதைப் பற்றிப்பிடிப்பது புத்தியே. எனினும் கானைப் பிடிக்கக் கை வேண்டும், நினைவும் வேண்டும். கவிழும் வள்ளத்தில் தலை அடிபட்டு நினைவிழந்தவர் எதையும் பிடிக்க மாட்டார். அவர் முகம் குப்புற மிதக்கலாம். மிதப்பது வேறு, மூச்சுவிடக்கூடியவாறு மிதப்பது வேறு.

அங்கியில் மிதப்புப் பொருளின் பெரும்பகுதி நெஞ்சுப் பக்கத்திலும் கழுத்தின் பின்புறத்திலும் வைக்கப்படுவது இதனாலேயே. கப்பல்களுக்கான சர்வதேச விதிப்படி, வளர்ந்தோருக்கான அங்கி நினைவிழந்தவரை மல்லாக்கப் புரட்டி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைத்திருக்க வேண்டும். 50 N அங்கியிடம் இதனை எதிர்பார்க்க முடியாது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

• கரையை விட்டுப் புறப்படுமுன்பே அணிதல். கவிழ்ந்தபின் நீருக்குள் அணிவது மிகக் கடினம்.
• எல்லாப் பட்டிகளையும் இறுக்குதல். கால்களுக்கிடையே செல்லும் பட்டி இல்லாவிடில் அங்கி மேலெழுந்து முகத்தை மூடும்.
• உடல் நிறைக்கு ஏற்ற அளவைத் தெரிதல். பெரியவரின் அங்கியிலிருந்து சிறுவர் நழுவி விடுவர்.
• இருக்கையாகப் பயன்படுத்தாதிருத்தல். நசுங்கினால் நுரைப்பொருளிலுள்ள காற்றறைகள் சிதைந்து மிதப்பு குறையும்.
• வாயு நிரப்பும் வகை அங்கியை மூடிய அறைக்குள் இருக்கும்போது ஊதவிடாதிருத்தல். படகு கவிழ்ந்தால் உள்ளே அகப்பட நேரிடும்.

4. ஏனைய உபகரணங்கள்

உயிர்காப்பு வளையம்: கப்பலில் உள்ள வளையம் 14.5 கிலோகிராம் இரும்பை நன்னீரில் 24 மணித்தியாலம் தாங்க வேண்டும். கயிறு கட்டிய வளையத்தை விழுந்தவரின் தலைமீது எறியாமல் அவரைத் தாண்டி எறிந்து, கயிற்றை அவர் கைக்கு எட்டச் செய்ய வேண்டும்.

உயிர்காப்பு மிதவை: காபனீரொட்சைட்டு போன்ற வாயுவால் தானாக விரியும் கூரையுள்ள மிதவை. கப்பல் அமிழ்ந்தாலும், 4 மீற்றருக்கு மேற்படாத ஆழத்தில் நீரமுக்கத்தால் இயங்கும் விடுவிப்பான் அதனைக் கழற்றிவிடும். மிதவையில் இருப்போர் எவ்வளவு தாகமாயினும் கடல்நீர் அருந்தலாகாது. அதன் உப்பை வெளியேற்ற, அருந்திய அளவிலும் கூடுதலான நீரை உடல் இழக்கும்.

சமிக்ஞைகள்: பகலில் செம்மஞ்சள் புகை, இரவில் செந்நிறத் தீச்சுடர். கலமோ விமானமோ தென்படும்போது மட்டும் பயன்படுத்துக. காலாவதித் திகதியைப் பார்த்து மாற்றுக.

வானொலி: வீ.எச்.எவ். வானொலியில் 16 ஆம் அலைவரிசையில் "மேடே" என மும்முறை அழைத்து, கலத்தின் பெயர், இருப்பிடம், ஆபத்தின் தன்மை, ஆட்களின் தொகை ஆகியவற்றைக் கூற வேண்டும். 406 மெகாஹேட்ஸில் இயங்கும் அவசர வானொலி மிதவை செய்மதி மூலம் இருப்பிடத்தை அறிவிக்கும்.

5. வரலாறு தரும் பாடம்

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் 2200 பேருக்கு மேல் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடமோ 1178. அங்கிகள் போதியளவு இருந்தன. இருந்தும் அங்கியோடு மிதந்த பலர் கடுங்குளிர் நீரில் இறந்தனர். முதல் தேவை நிறைவேறியது, இரண்டாவது நிறைவேறவில்லை. இதன் பின்னரே, 1914 இல் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச சமவாயம் உருவானது.

ஆழ்கடலில் மட்டுந்தான் ஆபத்து என எண்ண வேண்டாம். 2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து உயிரிழந்தோருள் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர்.

6. மாதிரி வினாக்கள்

1. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கி அணிய வேண்டியதற்கு இரு காரணங்கள் தருக.
விடை: களைப்பு, தசைப்பிடிப்பு ஏற்பட்டாலும் அங்கி தொடர்ந்து மிதக்க வைக்கும், நினைவிழந்தாலும் முகத்தை நீருக்கு மேலே வைத்திருக்கும்.

2. மூடிய கான் அங்கிக்கு ஈடாகாதது ஏன்?
விடை: பற்றிப்பிடித்திருக்க வேண்டும், உடலை மல்லாக்கப் புரட்டாது.

குறிப்பு: இரண்டாம் வினாவுக்கு "கான் மிதக்காது" என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

மாணவர்களே, முதலாம் வினாவின் விடையைப் பரீட்சைத் தாளில் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் கடலுக்குப் போவாராயின், இன்று மாலை அவர் புறப்படுமுன் அதை அவருக்குச் சொல்லுங்கள். அங்கியின் பட்டியை இறுக்கிவிடுவதும் உங்கள் கையாகவே இருக்கட்டும்.