மாலத்தீவு மீண்ட வேகம் இலங்கைக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு மாலத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகள் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் இலங்கைக்கு மட்டும் ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? ஆட்சியாளர்களின் கோளாறுதானா?
— வாசகர், திருச்சி

பதில்: அதுவும் உண்டு. ஆனால் முதலில் தொழில் அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது பழைய ஏற்பாடு. விமானத்தில் வந்து இறங்குபவர் படகிலோ கடல் விமானத்திலோ ஏறி நேரே தன் தீவுக்குப் போய்விடுவார். ஊர்க்காரர் கண்ணில் படவே வேண்டாம். தொற்றுக் காலத்துக்கென்றே செய்துவைத்ததுபோல் அது வாய்த்துவிட்டது. 2020 ஜூலை 15 அன்றே எல்லையைத் திறந்தார்கள். 2019-இல் 17 லட்சமாக இருந்த வருகை 2020-இல் ஐந்தரை லட்சமாகச் சரிந்தாலும், மறு ஆண்டே 13 லட்சத்தைத் தாண்டியது. சீனர்கள் வராத குறையை இந்தியர்கள் தீர்த்தார்கள். அங்கேயும், மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தியவர்கள் 2020 அக்டோபர் பாதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கையிருப்பு குறைந்தவர்களுக்குத்தான் கூடுதல் காத்திருப்பு!

இலங்கைக்கு வருபவர் ஓரிடத்தில் அடங்கமாட்டார். சிகிரியா, கண்டி, எல்ல, யால, காலி என்று சுற்றுவார். வான் ஓட்டுநர், சஃபாரி ஜீப்காரர், வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடும் குடும்பம், அறுகம்பேயில் அலைச்சறுக்கு கற்றுத்தருபவர் என்று பணம் ஊரெல்லாம் இறங்கும். நல்ல காலத்தில் அதுதான் அந்நாட்டுச் சுற்றுலாவின் பலம். 2021 ஜனவரி 21-இல் திறந்தபோது, பயணிகளை உள்ளூர்க்காரரோடு கலக்கவிடாமல் 'பயோ பபிள்' முறையில் அழைத்துப்போனார்கள். சான்றிதழ் வாங்கிய ஹோட்டல்களுக்கு ஏதோ கிடைத்தது. ஆட்டோக்காரர் வேடிக்கை பார்த்தார். லீசிங்கில் வண்டி எடுத்தவர்களுக்குத் தவணை தள்ளிப்போனது, வட்டி நிற்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் வந்தவர்கள் இரண்டு லட்சம்கூட இல்லை.

தொற்று வரும்போதே இலங்கை அடிபட்டுத்தான் இருந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு அந்த ஆண்டு வருகையை 23 லட்சத்திலிருந்து 19 லட்சமாகக் குறைத்திருந்தது. 2018-இல் சுமார் 440 கோடி டாலர் ஈட்டிய தொழில், 2021-இல் ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வந்து நின்றது. டாலர் வற்றியதற்கு இது பெரிய காரணம். "எல்லாம் கொரோனாவால்" என்று அரசியல்வாதிகள் சொன்னதை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். 2019 இறுதியில் வரிகளை வெட்டியது வைரஸ் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடு கைவிரித்தது. பயணிகள் எட்டிப்பார்க்கத் தொடங்கிய நேரத்தில் வான்கள் டீசலுக்கு வரிசையில் நின்றன. வருகை மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்ட 2024 ஆகிவிட்டது.