ஈரம் நீக்கும் இயந்திரம்

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. இது உணவுக்கு மட்டுமன்று, நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள ஈரத்திற்கும் பொருந்தும். காற்றில் ஈரம் மிகக் குறைந்தால் உதடு வெடிக்கும், தோல் வறளும். அதுவே மிகுந்தால் அப்பளம் நமத்துப் போகும். சர்க்கரை கட்டி தட்டும். புத்தகத்தில் பூஞ்சணம் பூக்கும். மூட்டையில் உள்ள தானியம் கெடும்.

நமது கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஒருபுறம் கல்வராயன் மலை. மறுபுறம் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நம் மாவட்டத்திலும் பெருமழை கொட்டியது. நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே ஈரத்தை வெல்லும் வழியை அறிவது நமக்குப் பாடம் மட்டுமன்று, வீட்டுக் கவலையும் ஆகும்.

காற்றில் எவ்வளவு நீர்?

காற்று சூடாக இருந்தால் அதில் நீராவி மிகுதியாக இருக்க இடமுண்டு. குளிர்ந்தால் அந்த இடம் குறையும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று அதிகமாக மட்டுமே இருக்க முடியும். இருக்கக்கூடிய அளவில் எத்தனை விழுக்காடு உண்மையில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம்.

30 பாகையில் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு எனில், ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீராவி உள்ளது. அக்காற்றை 10 பாகைக்குக் குளிர்வித்தால் சுமார் 15 கிராம் நீராகப் பிரிந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? செம்பு ஒழுகுவதில்லை, காற்றிலிருந்த நீராவியே குளிர்ந்து துளியாகிறது. இந்தச் செம்பின் தத்துவம்தான் ஈரநீக்கியின் தத்துவமும்.

இயந்திரம் வேலை செய்யும் விதம்

டீஹியூமிடிஃபையர் எனப்படும் இந்த ஈரநீக்கி, குளிர்சாதனப் பெட்டிக்கு உடன்பிறப்பு. அதன் விசிறி அறைக் காற்றை உள்ளே இழுக்கிறது. முதலில் வடிகட்டி தூசியைத் தடுக்கிறது. அடுத்து குளிர்ந்த குழாய்ச் சுருள். அதனுள் ஓடும் குளிர்பதனத் திரவம் காற்றின் வெப்பத்தைப் பெற்று ஆவியாகிறது. காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளித்துளியாகத் தட்டில் விழுந்து தொட்டியை அடைகிறது.

ஆவியான குளிர்பதனப் பொருளைக் கம்ப்ரெசர் அழுத்திச் சூடாக்கி இரண்டாம் சுருளுக்கு அனுப்புகிறது. ஈரம் இழந்த குளிர்க் காற்று இச்சுருளின் வழியே செல்லும்போது வெப்பத்தைப் பெற்று, உலர்ந்த காற்றாக அறைக்குத் திரும்புகிறது. வெப்பத்தை இழந்த குளிர்பதனப் பொருள் மீண்டும் திரவமாகி, ஒரு நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து முதல் சுருளுக்கு வருகிறது. இச்சுழற்சி இடைவிடாமல் நடக்கிறது.

ஈரநீக்கி அறையைக் குளிர்விக்காது. சற்றுச் சூடாக்கவே செய்யும். நீராவி நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பமும், மோட்டாரின் வெப்பமும் அறையிலேயே தங்குவதே காரணம். கல்வராயன் மலையின் மார்கழிக் குளிர் போன்ற இடங்களில் வேறொரு தொல்லையும் உண்டு. அறைக் காற்று மிகக் குளிர்ந்திருந்தால் சுருளின் மேல் பனிக்கட்டி படியும். அதனை உருக்கும் ஏற்பாடு உள்ள இயந்திரமே அங்கு ஏற்றது.

வரலாறும் பயனும்

1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகத்துக்குத் துன்பம் நேர்ந்தது. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறின. இளம் பொறியாளர் வில்லிஸ் கேரியர் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைக் கட்டுப்படுத்த வழி வகுத்தார். இன்றைய ஏர்கண்டிஷன் பிறந்தது உடலின் சுகத்திற்காக அன்று, காகிதத்தின் நலத்திற்காகவே என்பது வியப்பன்றோ!

இன்று மருந்துக் கிடங்கு, விதைக் கிடங்கு, நூலகம், வெள்ளம் புகுந்த கட்டடம் ஆகிய இடங்களில் ஈரநீக்கி பயன்படுகிறது. தேனும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; நீர் மிகுந்தால் புளித்துவிடும். ஆதலால் தேன் பதப்படுத்தும் அறைகளிலும் இது உதவுகிறது.

ஒரு கணக்கு

அப்படியானால் ஈரமான மக்காச்சோளத்தை இதைக் கொண்டே காய வைக்கலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிலோ மூட்டையில் 18 விழுக்காடு ஈரம் எனில், உலர்ந்த பொருள் 82 கிலோ. ஈரத்தை 14 விழுக்காடாகக் குறைத்தால் மொத்த எடை ஏறத்தாழ 95.35 கிலோ ஆகும். நீங்க வேண்டிய நீர் 4.65 கிலோ. நூறு மூட்டைக்கு 465 லிட்டர்! நாளொன்றுக்கு 50 லிட்டர் எடுக்கும் இயந்திரம் ஒன்பது நாட்களுக்கு மேல் ஓட வேண்டும். அது 800 வாட் திறன் கொண்டதெனில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த 50 லிட்டர் என்பதும் பெரும்பாலும் 30 பாகை வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் அளந்த அளவே. காற்று உலர உலர அது குறையும். அதற்குள் மூட்டையின் நடுவில் பூஞ்சணம் பிடித்துவிடும். சில பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும்.

எனவே தானியத்தைக் களத்து வெயிலில் காய வைப்பதே முதல் வேலை. காய்ந்ததை மீண்டும் ஈரம் தாக்காமல் காப்பதே ஈரநீக்கியின் வேலை.

பாதுகாப்பு விதிகள்

1. இயந்திரத்தை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், தயாரிப்பாளர் கூறும் நேரம் வரை நிமிர்த்தி வைத்த பின்பே ஓட்டலாம். கம்ப்ரெசர் எண்ணெய் தன் இடத்திற்குத் திரும்ப வேண்டும்.

2. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். மெல்லிய நீட்டிப்பு ஒயர் சூடேறித் தீப்பற்றலாம்.

3. தரையில் தண்ணீர் நின்றால் சுவிட்சைத் தொடலாகாது. வெள்ளம் வடிந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மின்சாரம் தர வேண்டும்.

4. கதவு, சன்னல்களை மூடி ஓட்ட வேண்டும். இல்லையேல் ஊர்க் காற்றையெல்லாம் உலர்த்த நேரும். காற்று வந்து போகும் வாய்களை மூட்டையால் அடைக்கக் கூடாது.

5. வடிகட்டியையும் தொட்டியையும் பிளக்கைப் பிடுங்கிய பின்பே சுத்தம் செய்ய வேண்டும். தொட்டி நீர் தெளிவாகத் தோன்றினாலும் குடிக்கலாகாது.

6. நிறுத்தியவுடன் மறுபடி போடாமல் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

7. சில இயந்திரங்களில் உள்ள புரோப்பேன் எளிதில் தீப்பற்றும். நம் சமையல் வாயுவிலும் அது உண்டு. சுருளைக் குத்தவோ அருகில் நெருப்பு வைக்கவோ கூடாது. பழுது பார்ப்பது பயிற்சி பெற்றவர் வேலை.

வாயுவைக் காற்றில் விடுவதும் தவறு. பழைய குளிர்பதன வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை தோன்றியது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. பின்வந்த வாயுக்கள் பல புவியைச் சூடாக்குவதால் 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. 2021இல் இந்தியா அதனை ஏற்றது.

ஈரத்தை நீக்குவதிலும் அளவு வேண்டும். நூலக அறையில் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. மிக வறண்டால் காகிதமும் ஓலைச்சுவடியும் நொறுங்கும். தோழியரே, வெயில் தரும் உதவியை முதலில் பெறுவோம். எஞ்சியதற்கு இயந்திரத்தை நாடுவோம். நாடும்போது விழிப்போடு இருப்போம். விதை காப்பாற்றப்பட்டால் அடுத்த ஆண்டு விளைச்சலும் காப்பாற்றப்படும்.