பெருக்கல் குறியும் எக்ஸும்

ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கிய வாரம், 3 × 5 என்பதை ஒரு மாணவி 'மூன்று எக்ஸ் ஐந்து' என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அன்று மாலை வில்லியம் ஆட்ரெட் (1574–1660) பற்றிப் படித்தபோது அந்தச் சிரிப்பு உறுத்தியது. இங்கிலாந்தின் ஆல்பரி கிராமத்துப் பாதிரியார் அவர். கட்டணம் வாங்காமல் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ஸ்லைடு ரூலை உருவாக்கியவர் என்பது தனிக்கதை. 1631இல் வெளியான 'கிளாவிஸ் மேத்தமேட்டிக்கே' என்ற நூலில் பெருக்கலுக்கு × குறியைப் பயன்படுத்தினார். அது எக்ஸ் எழுத்தோடு எளிதில் குழம்பும் என்று 1698இல் லைப்னிட்ஸ் கடிதம் எழுதினார். புள்ளியே போதும் என்றார்.

மறுநாள், "நீ சொன்ன குழப்பத்தை லைப்னிட்ஸும் சொல்லியிருக்கிறார், அம்மா" என்று அவளிடம் சொன்னேன்.

"அதனால்தான் மூன்று எக்ஸ் எழுதும்போது நடுவில் குறி போடுவதில்லையா, சார்?" என்றாள்.