படத்தில் எழுத்து வைக்கும்போது

வளைகாப்பு, காதுகுத்து, கொலு, அறுபதாம் கல்யாணம் எதுவானாலும் இப்போது அழைப்பிதழை வீட்டிலேயே செய்துவிடுகிறார்கள். கையில் ஃபோட்டோஷாப் இருக்கலாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் இருக்கலாம், கான்வாவோ போனில் பிக்ஸல்லேப்போ இருக்கலாம். படம் அழகாக அமைந்துவிடும், எழுத்துதான் படுத்தும். ஃபான்ட் தேடி ஒரு மணி நேரம் செலவழிப்பவர்கள் எழுத்தின் அளவுக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. ஆகவே அளவிலிருந்தே தொடங்குவோம்.

1. இதை யார், எதில், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, ஃப்ளெக்ஸுக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே கோப்பு சரிவராது.

2. வாட்ஸ்அப்புக்கு 1080 பிக்ஸல் அகலத்தில் படம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 15 பிக்ஸல். 10 பாயின்ட்டில் அச்சான புத்தக எழுத்து போலத் தெரிய வேண்டுமானால் 54 பிக்ஸலாவது தேவை. மண்டபத்தின் முகவரியை 24 பிக்ஸலில் வைத்தால் போனில் அது நாலரை பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்துதான் அது. முகவரிக்கு இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், வாசகத்தைச் சுருக்குங்கள். ‘தங்கள் சுற்றமும் நட்பும் சூழ’ என்பதை எடுத்துவிட்டாலும் வருகிறவர்கள் வருவார்கள், முகவரி தெரியாவிட்டால்தான் வரமாட்டார்கள்.

3. அச்சுக்குப் போகிற கோப்பை 300 பி.பி.ஐ.யில் தொடங்குங்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல். 5 அங்குலத்துக்கு 7 அங்குல அட்டை என்றால் 1500க்கு 2100 பிக்ஸல். ஏ4 தாள் என்றால் 2480க்கு 3508.

4. ஒரே ‘12’ ஒரு கோப்பில் பெரிதாகவும் இன்னொன்றில் கடுகாகவும் தெரிவது ஏன் என்று பலரும் குழம்புகிறார்கள். காரணம் எளிது. ஓர் அங்குலத்தில் 72 பாயின்ட். கோப்பு 72 பி.பி.ஐ. என்றால் 12 பாயின்ட் வெறும் 12 பிக்ஸல்தான். 300 பி.பி.ஐ. என்றால் அதே 12 பாயின்ட் 50 பிக்ஸல். பாயின்ட்டை பி.பி.ஐ.யால் பெருக்கி 72ஆல் வகுத்தால் பிக்ஸல் கிடைத்துவிடும். கிம்ப்பில் எழுத்தளவு வழக்கமாக பிக்ஸலில்தான் இருக்கும். பக்கத்திலுள்ள பெட்டியில் அதை பாயின்ட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அச்சு வேலைக்கு பாயின்ட், திரை வேலைக்கு பிக்ஸல் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

5. கடைப் பலகைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். தெருவின் எதிர்ப்பக்கம் 30 அடியில் நிற்பவர் சிரமமில்லாமல் படிக்க எழுத்து 3 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைகிறீர்கள் என்றால் அந்த 3 அங்குலம் கோப்பில் கால் அங்குலம், அதாவது 18 பாயின்ட். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபான்ட் அளவு என்று நாம் கொடுக்கும் எண், மேலே இகரத்துக்கும் கீழே உகரத்துக்கும் விட்ட இடத்தையும் சேர்த்தது. ‘க’ என்ற எழுத்தின் உடல் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே 18 என்று அடித்துவிட்டு நகராமல், கால் அங்குல இடைவெளியில் இரண்டு வழிகாட்டிக் கோடுகளை இழுத்து, ‘க’ அவற்றைத் தொடும்வரை அளவைக் கூட்டுங்கள். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் இது மாறும்.

6. அளவைக் கண்ணால் சரிபார்க்கும்போது படத்தை 100 சதவீதத்தில் பாருங்கள். கிம்ப்பில் 1 என்ற விசை, ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலும் 1ம். பிறகு உங்கள் போனுக்கே அனுப்பி, பெரிதாக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வீட்டில் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் இருந்தால் அவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது.

7. புது ஃபான்ட் இறக்கினால் உடனே பெயரை அடித்து மயங்க வேண்டாம். ஸ்ரீ, கொ, கௌ, ணை, லூ, ஷ, ஹ, ₹ இவற்றை அடித்துப் பாருங்கள். அழைப்பிதழில் முதல் வரியிலேயே வருவது ஸ்ரீ. அதைக் கணினியில் இரண்டு விதமாக அடிக்க முடியும், சில ஃபான்ட்டுகள் ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காட்டி மற்றதை உடைத்துவிடும். ரூபாய்க் குறி 2010இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஃபான்ட்டுகளில் அந்த இடத்தில் கட்டம்தான் வரும்.

8. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகள் யூனிகோடு அல்ல. போனில் அடித்த வரியை எடுத்து ஒட்டி, மேலே பாமினியைத் தேர்ந்தால் ஒன்று எழுத்து மாறாது, அல்லது குப்பையாகும். பாமினியே வேண்டுமென்றால் வரியை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டுங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அச்சகக் கணினிகளில் பழைய ஃபான்ட்டுகள் ஓய்வு பெறவில்லை. ஆகவே அச்சகத்தில் எது ஓடுகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

9. ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கலைந்து கிடக்கும். ஃபான்ட்டைத் திட்ட வேண்டாம். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் என்ற பகுதிக்குப் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

10. எதைத் தேர்வது? நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான், பாலூ தம்பி, மீரா இனிமை எல்லாம் இலவசம், யூனிகோடு. கூட்டமான விவரங்களுக்கு முக்தா மலர் அல்லது நோட்டோ. குழந்தையின் பிறந்தநாளுக்கு உருண்டு திரண்ட பாலூ தம்பி. கேட்டமரானில் மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனங்கள் இருப்பதால் அது ஒன்றை வைத்தே முழு அழைப்பிதழையும் முடிக்கலாம். ஓர் அழைப்பிதழுக்கு இரண்டு ஃபான்ட் போதும் என்பேன். மூன்றாவது வந்தால் அது கடைவீதி நோட்டீஸ்.

11. ஃபான்ட்டில் தடித்த வடிவம் இல்லாதபோது ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டைச் சுற்றி மை பூசும், அவ்வளவுதான். ‘ண’வின் சுழிகள் அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாய்வெழுத்தும் தமிழில் பெரும்பாலும் இப்படிச் சாய்த்துத் தள்ளியதுதான். வேண்டாம்.

12. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவது ஆங்கிலத் தலைப்புக்கு எடுக்கும். தமிழில் கூட்டினால் கொம்பும் காலும் தன் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். மேல் வரியின் உகரமும் கீழ் வரியின் இகரமும் முட்டிக்கொள்ளக் கூடாது. 50 பிக்ஸல் எழுத்துக்கு 70 முதல் 75 பிக்ஸல்வரை விடலாம்.

13. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. முக்கியத்தை அளவாலும் கனத்தாலும்தான் காட்ட முடியும், அந்த வித்தியாசம் துணிவாக இருக்கட்டும். விவரம் 12 பாயின்ட் என்றால் பெயர்கள் 28. 12க்கும் 14க்கும் உள்ள வித்தியாசம் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ பிழை போலத்தான் படும்.

14. போட்டோவின்மேல் எழுத்து வந்தால் பின்னால் அரைத் தெளிவான கறுப்புப் பட்டை வையுங்கள். மஞ்சள் பின்னணியில் தங்க நிற மினுமினுப்பு எழுத்து திரையில் பகட்டாக இருக்கும், தாளில் காணாமல் போகும்.

15. எழுத்தின் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவது ஃபோட்டோஷாப்பில் பரவாயில்லை. கிம்ப்பில் ஸ்கேல் கருவியால் இழுத்தால் எழுத்து படமாகிவிடும், விளிம்பு மங்கும். அங்கே எழுத்தளவு எண்ணையே மாற்றுங்கள். எந்த மென்பொருளிலும் அகலத்தை மட்டும் இழுக்காதீர்கள்.

16. படத்தை பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றிப் புழுதி படியும், சிவப்பு எழுத்தில் இன்னும் அதிகம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்காது. கிம்ப்பின் எக்ஸ்.சி.எஃப். அல்லது ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்திருங்கள், முகூர்த்த நேரம் கடைசி நேரத்தில் மாறக்கூடியது.

17. அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு ஷேப்’. உங்கள் ஃபான்ட் அவர்களிடம் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் அதற்கு முன்பே பெயர்களையும் தேதிக்கு நேரே போட்ட கிழமையையும் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.