நரம்புகளின் தொழிலும் சர்ப்ப விஷமும்

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் போன்ற மலையடிவாரக் கிராமங்களில் பாம்புக்கடியைப் பற்றிய அச்சம் இல்லாத வீடு இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனரென 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விஷம் தேகத்தில் செய்வது இன்னதென்று அறிந்தால், கடிபட்டவருக்குச் செய்யத்தக்கதும் தகாததும் எளிதில் விளங்கும். அதற்கு நரம்பு மண்டலத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

நரம்பு மண்டலத்தின் அங்கங்கள் மூன்று: மண்டையோட்டினுள் இருக்கும் மூளை, முதுகெலும்பினூடே இறங்கும் தண்டுவடம், இவ்விரண்டிலிருந்தும் கிளைத்து உடலெங்கும் பரவும் நரம்புகள். மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகளும் புறப்படுகின்றன. அவை உணர்ச்சியை உள்ளே கொண்டுசெல்லும். கட்டளையை வெளியே கொண்டுவரும். தளவாய்புரத்துத் தையற்கூடத்தில் துணி தைப்பவரின் விரலில் ஊசி பட்டால், வலி தெரியுமுன்னரே கை பின்வாங்குகிறது. செய்தி மூளைக்குச் சென்று திரும்பும்வரை காத்திராமல் தண்டுவடமே கட்டளை பிறப்பித்துவிடுவது இதற்குக் காரணமாம்.

கண்மாய் நீர் கால்வாய் வழியே வந்தாலும், வயலின் மடை திறந்திருந்தால்தான் பயிருக்குப் பாயும். நரம்பின் செய்கையும் இத்தகையதே. கட்டளை நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடிவருகிறது. ஆயினும் நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே கண்ணுக்குப் புலனாகாத இடைவெளி உண்டு. அவ்விடத்தில் நரம்பின் நுனி அசிடைல்கோலின் என்னும் பொருளை வெளிவிடுகிறது. அதனைத் தசையிலுள்ள ஏற்பிகள் பற்றியதும் தசை சுருங்குகிறது.

நல்லபாம்பின் விஷம் அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. கட்டுவிரியனின் விஷமோ பெரும்பாலும் நரம்பின் நுனியையே சிதைக்கிறது. கண்மாய் நிறைந்திருந்தும் மடை அடைபட்ட வயல் வறள்வதுபோல், மூளை கட்டளையிட்டும் தசை அசைவதில்லை. முதலில் கண்ணிமைகள் தாழும், பார்வை இரட்டிக்கும், பின்னர் விழுங்கவும் பேசவும் இயலாது, முடிவில் மூச்சிழுக்கும் தசைகள் ஓய்ந்துபோகும். ஆயினும் இவ்விஷங்கள் மூளையை நேரே தாக்குவதில்லை. கண் திறவாமலும் கை அசையாமலும் கிடப்பவர், அருகிலுள்ளோர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். ஆகையால் அவரை இறந்தவரெனக் கைவிடுவது பெரும் பிழை. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் அளித்து வந்தால், சிதைந்த நுனிகள் நாளடைவில் மீண்டும் தழைத்து அவர் பிழைக்க வழியுண்டு.

விஷமுறிவு மருந்து உண்டாவதில் ஒரு கூட்டுறவு சங்கத்துக்குப் பங்கு உண்டென்பது அங்கத்தினர்கள் அறியத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் தொழிலை இழந்த இருளர்களுக்காக, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம் 1978-இல் தோன்றியது. அங்கத்தினர்கள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, விஷம் எடுத்தபின் காட்டிலே விட்டுவிடுகின்றனர். அவ்விஷத்தைச் சிறுகச்சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளினின்று மருந்து தயாரிக்கப்படுகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இம்மருந்து சுற்றித்திரியும் விஷத்தை முறிக்க வல்லது. கட்டுவிரியன் விஷத்தால் சிதைந்துபோன நுனியைச் சீராக்க வல்லதன்று. எனவே காலந்தாழ்த்துவதே பெரும் ஆபத்து. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ இராமலும் போகலாம். கட்டிலும், ஓரங்கள் நன்கு செருகிய கொசுவலையும் சிறந்த காப்பு. விடியற்காலையில் காரணமின்றி வயிற்றுவலி கண்டு இமைகள் தாழ்ந்தால் கடியென்றே ஐயுறல் வேண்டும்.

2. கடிபட்டவரை நடக்கவிடலாகாது. கடிபட்ட கை காலைச் சிம்பு வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும்.

3. கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், மந்திரிப்பவரை நாடிக் காலம் போக்குதல் ஆகியவை கூடா.

4. மருந்து மேற்படி நால்வகைப் பாம்புக்கும் பொதுவானது. பாம்பைத் தேடி அடிக்க வேண்டுவதில்லை. உடனே 108-ஐ அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரவில் வண்டி தரக்கூடியவர்களின் பெயர்களைச் சங்கப் பலகையில் எழுதிவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. நள்ளிரவில் வண்டி தேடி வீணாகும் அரைமணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடுதல் கூடும். ஒருவர் ஆபத்தை எல்லோரும் தாங்குவதே கூட்டுறவின் நோக்கமாதலால், ஒவ்வொரு சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே இவ்வேற்பாட்டைச் செய்துகொள்வது நலம்.