சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போட மறுக்கலாமா?

கேள்வி: 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் முறைகேடு என்று தன் கட்சியே சொல்லிக்கொண்டிருந்தபோது, மிச்சிகனில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் முடிவுக்குச் சான்றளித்ததாகப் படித்தேன். சட்டம் சொல்கிறது என்பதற்காகச் சந்தேகத்துக்குரிய முடிவில் கையெழுத்துப் போடுவது மனசாட்சியை அடகு வைப்பது ஆகாதா?

பதில்: அவர் பெயர் ஆரன் வான் லாங்கவெல்டு. மாநிலச் சான்றளிப்பு வாரியத்தில் கட்சிக்கு இருவராக நான்கே பேர். 2020 நவம்பர் 23 அன்று இன்னொரு குடியரசுக் கட்சி உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள, இவர் ஜனநாயகக் கட்சியினர் இருவரோடு சேர்ந்து சான்றளித்தார். அந்தப் பதவிக்குக் கட்சி அவரை மறுபடி பரிந்துரைக்கவில்லை.

அவர் எதையும் அடகு வைத்ததாக நான் நினைக்கவில்லை. 83 கவுண்டிகளிலிருந்து வந்த கணக்கைச் சரிபார்த்துக் கூட்டுவதுதான் அந்த வாரியத்தின் வேலை. சாட்சிகளை விசாரிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. மறுஎண்ணிக்கை கேட்பதற்குக்கூட அங்கே சான்றளிப்பு முதலில் முடிந்தாக வேண்டும். கையெழுத்தை நிறுத்திவைப்பவர் உண்மையைத் தேடும் வழியைத்தான் அடைக்கிறார். 2022-ல் மிச்சிகன் வாக்காளர்கள் சான்றளிக்கும் கடமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

கென்யாவின் கதை வேறு. அங்கே 2007 டிசம்பர் 30 அன்று, தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு, அதிபர் தேர்தலில் ம்வாய் கிபாக்கி வென்றதாக அறிவித்தார். மோலோ தொகுதியில் ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் முன்னிலையில் கிபாக்கிக்குச் சொன்ன வாக்கு 50,145. நைரோபிக்கு வந்தபோது அது 75,261 ஆகியிருந்தது. கிபாக்கி வென்றாரா என்பது தனக்குத் தெரியாது என்று சில நாளில் கிவுயிட்டுவே சொன்னார். அதற்குள் கலவரம் மூண்டுவிட்டது. அது அடங்குவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அங்கே கணக்கே உதைத்தது. தொகுதிப் படிவங்களோடு ஒத்துப்பார்த்துத் தீரும்வரை அறிவிக்காமல் இருந்திருந்தால், அவர் சட்டக் கடமையும் மனசாட்சியும் ஒரே பக்கம் நின்றிருக்கும்.

ஆகவே அந்த நாற்காலியில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, சந்தேகம் தன் முன்னே உள்ள தாளிலா, வெளியே கேட்ட பேச்சிலா என்பதை. தாளில் என்றால் நிறுத்தட்டும், காரணத்தை எழுத்தில் பதியட்டும். பேச்சில் என்றால் கையெழுத்திட்டுவிட்டு, தனக்குத் தெரிந்ததைப் பிரமாணப் பத்திரமாக நீதிமன்றத்தில் கொடுக்கட்டும். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் பதவி விலகி, கையெழுத்திடக்கூடிய வேறொருவருக்கு இடம் விடட்டும்.