மாத்திரையும் மூச்சுக் கணக்கும்

ராணி எங்கள் வீட்டுப் பொமரேனியன், பன்னிரண்டு வயதுக் கிழவி. இதயத்தின் மைட்ரல் வால்வு சரியாக மூடாததால் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. சின்ன ஜாதி நாய்களுக்கு வயதான காலத்தில் அதிகம் வரும் இதய நோய் இதுதான். கெட்டுப்போன வால்வை எந்த மாத்திரையும் சரிசெய்யாது. இதயத்தின் சுமையைத்தான் குறைக்க முடியும்.

முதல் மாத்திரை பைமோபெண்டன். இதயத் தசையை அழுத்தமாகச் சுருங்க வைத்து, ரத்தக் குழாய்களையும் தளர்த்திவிடும். சோற்றோடு கொடுத்தால் உடம்பில் ஏறுவது குறையும் என்பதால் காலை ஆறு, மாலை ஆறு என்று வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தட்டு வைப்பேன். நோய் முற்றிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. இதயம் பெரிதாகியும் அறிகுறி தெரியாத நாய்களுக்கு இது இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டதாக 2016-இல் வெளிவந்த 'எபிக்' ஆய்வு காட்டியது. அதனால் டாக்டர் காதில் இதயத்தின் முணுமுணுப்புச் சத்தம் கேட்டதுமே, இதயம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்க எக்கோ எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஃப்ரூசிமைடு. நுரையீரலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், ஆறு மணி நேரம் நிற்கும். எங்கள் ஊர் மாஸ்க் ரோடு பக்கத்துச் சந்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் எனக்கு இது முக்கியமான செய்தி! டாக்டரிடம் கேட்டு ராத்திரி வேளையை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டேன். பத்துக்குள் இரண்டு முறை கீழே இறக்கிவிட்டால் தூக்கம் கெடாது. நிறையத் தண்ணீர் குடிக்கிறதே என்று கிண்ணத்தை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள்.

நீர் இறங்க இறங்க, உடம்பு பதறி உப்பைப் பிடித்து வைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் எனலாப்ரில். இந்த இரண்டு மருந்தும் சேரும்போது சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையில் பார்த்தாக வேண்டும்.

மருந்து கேட்கிறதா என்று தெரிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ராணி அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கி, காலண்டரில் குறிப்பேன். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நிம்மதி. தொடர்ந்து தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன். மாடி ஏறி வந்து இளைப்பதெல்லாம் கணக்கில் சேராது.

சாப்பாட்டு விஷயத்தில் ரம்ஜான் மாதம்தான் பெரிய சோதனை. "ஒரு துண்டு கபாப்தானேம்மா" என்பார் எதிர்வீட்டுப் பாட்டி. அதில் இருக்கிற உப்பு, உடம்பில் நீரைத் தேக்கிவிடும். நாய் நொண்டுகிறது என்று மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரையை நீங்களாகக் கொடுப்பது அதைவிட ஆபத்து. இந்த மருந்துகளோடு சேர்ந்து சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும். வேறு டாக்டரிடம் போனால் மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துப் போங்கள்.